மூடக் கூடாத தானியக் குழி

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம், 2005 மே மாதத்தில், என் மனைவி வீட்டாரின் குலதெய்வக் கோயிலுக்குப் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன், கல்வெட்டு இல்லாத கோயில்களைப் பற்றி வகுப்பில் ஒரு வரிகூடச் சொன்னதில்லை. அந்தக் குறை உறுத்திக்கொண்டிருந்தது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் மைத்துனர் சண்முகம், "வாங்க அத்தான், எனக்கும் அம்மன்கிட்ட ஒரு உத்தரவு கேக்கணும்" என்றார்.

காலை ஒன்பதரைக்கு அவருடைய அம்பாசடரில் கிளம்பினோம். நாகலாபுரம் பக்கம் முப்பத்தெட்டு கிலோமீட்டர்; கடைசி மூன்று வெறும் வண்டிப்பாதை. இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் என் குடையை விட்டுப் பார்த்தேன், கைப்பிடிவரை இறங்கியது.

என்ன உத்தரவு என்பதை வழியில் சொன்னார். மகள் கலா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்வேன் என்கிறாள். இவர் வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்; அதற்குத்தான் அம்மனின் சம்மதம் வேண்டும். பதினோரு நாளாக அவளை மாடி அறையில் பூட்டி வைத்திருக்கிறார். "சாவி இங்கனதான் இருக்கு" என்று இடுப்பைத் தட்டிக் காட்டினார். அத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோயில் என்றால் கோபுரமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஓர் உடைமரம், ஒரு பீடம், அதன் முன்னால் ஆள் ஆழத்துக்குத் தானியக் குழி. முன்னொரு காலத்தில் தங்கை ஒருத்தி தன் விருப்பப்படி கல்யாணம் செய்ய நினைத்தாள். அண்ணன்மார் அவளை அந்தக் குழியில் இறக்கி மூடிவிட்டார்கள். பிறகு பயந்து அவளையே கும்பிட ஆரம்பித்தார்கள். சிலேட்டை உடைத்த பையன் அதை ஒளித்து வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பானே, அந்த மாதிரி. அன்றிலிருந்து குழியை மூடுவதில்லை என்பது வழக்கம்.

ஆனால் நாங்கள் போனபோது அது மூடியிருந்தது. திருப்பணி என்று சண்முகம்தான் அதற்கு முந்தின மாதம் கல் மூடி போட்டிருந்தார்.

விளக்குப் போடும் பேச்சியம்மாள், ஐம்பது வயதிருக்கும், ஆடுகளை விட்டுவிட்டு வந்தார்.

"ஆடு விழுந்துரும்னுல்லா மூடுனேன்" என்றார் சண்முகம்.

"ஆடு மேய்க்கவ நான். ஒத்த ஆடு விழுந்ததில்ல. அவ வெளிய வார வழிய அடைச்சிட்டு, எந்த மொகத்தோட அண்ணாச்சி உத்தரவு கேக்க வாரிய?"

சண்முகம் சூடம் ஏற்றி உட்கார்ந்தார். பல்லி சொன்னால் சம்மதம் என்று கணக்கு. மணி பன்னிரண்டு பத்து. காற்றே இல்லை. சூடத்தின் சுடர் அசையாமல் நின்றது.

பல்லி சொல்லவில்லை. கல்லுக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது.

"மண் காய்ந்து வெடிக்கிற சத்தம், மாப்பிள" என்றேன். மண் வெடித்தால் ஒருமுறை கேட்கும். இது மூன்று தட்டு, நிறுத்தம், மறுபடி மூன்று. தாழ் சிக்கி உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் தட்டுவார்களே, அப்படி. அவசரமே இல்லாமல்.

"கல்லு போட்டு ஒரு மாசம் ஆச்சு. சத்தம் பதினோரு நாளாத்தான் கேக்குது" என்றார் பேச்சியம்மாள். "வீட்டுல எதையும் பூட்டி வச்சிருக்கியளா அண்ணாச்சி?"

சண்முகத்தின் கை இடுப்புக்குப் போயிற்று. அப்புறம் குனிந்து கல்லைப் பிடித்தார். மூவருமாகத்தான் தள்ள முடிந்தது. பழைய சோள வாடையுடன் குளிர்ந்த காற்று மேலே வந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

மேட்டில் ஏறினால்தான் செல்போனுக்கு டவர் கிடைத்தது. "பூட்ட ஒடைச்சாவது மாடியத் தொறந்து விடு" என்றார் சண்முகம் தன் மனைவியிடம். மறுமுனையின் பதில் எனக்கும் கேட்டது: "என்ன வெளையாடுதியளா? நீங்கதான தொறந்துட்டுப் போனிய? பூட்டு தொறந்து தொங்குது, அவ பேசாம உள்ள உக்காந்திருக்கா."

சாவி அவர் கையில் இருந்தது.

கலா விரும்பிய கல்யாணத்துக்கு அவரே முன்னால் நின்றார். செய்த தப்பை மறக்க விடாமல் வைத்திருப்பது மதம் என்று அன்று நினைத்தேன். கும்பிட்டுக்கொண்டே அதே தப்பைச் செய்ய இடம் கொடுப்பதும் அதுதான்.

போக விரும்புகிறவர்களுக்கு: கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸுக்குப் பன்னிரண்டு ரூபாய், இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை. தண்ணீர் எடுத்துப் போங்கள். காணிக்கை கண்ணாடி வளையல் மட்டும். கல் மூடி ஓரமாகக் கிடக்கும். பிள்ளைகள் விளையாட்டாகத் தள்ளப் பார்த்தால் தடுத்துவிடுங்கள்.

இன்னொரு சாவி இருந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். போன மாதம் கலாவிடமே கேட்டேன்.

"பூட்டு தொறக்குத சத்தம் கேட்டுச்சு மாமா" என்றாள். "யாரும் படியேறி வார சத்தம் கேக்கல."