திங்கட்கிழமைக் கோப்புகள்

எங்கள் மருத்துவமனையின் கணினி அறையைப் பார்த்துக்கொள்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் துடைப்பம். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம், ஆனால் அவருக்குத் தெரியும். மேசைமேல் இரண்டு நிமிடம் ஒரு தாள் கிடந்தால் போதும், மனுஷனுக்குக் கை துறுதுறுக்கும். நான் பாதி குடித்து வைத்த தண்ணீரையே இரண்டு முறை கொட்டிக் கழுவி வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருட வேலையில் அவர் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வீட்டிலும் அதே கதைதான். புதுக் குளிர்சாதனப் பெட்டியின் உத்தரவாதச் சீட்டை மறுநாளே கிழித்துப் போட்டவர். "இவர்கிட்ட இருந்து தப்பிச்ச ஒரே பொருள் நான்தான்" என்பார் அவர் மனைவி. நான் அவரை அண்ணா என்பேன், மனைவியை அண்ணி என்பேன்.

என் வேலை கடிதம் அனுப்புவது. பரிசோதனை முடிவில் சந்தேகம் இருந்தால், உடனே வந்து டாக்டரைப் பாருங்கள் என்று கடிதம் போகும். சந்தேகம் இல்லையென்றால் ஒன்றும் போகாது. யார் யாருக்கு என்ற பட்டியலை, திங்கள் மதியம் இரண்டு மணிக்கு அண்ணாவின் அறையில் இருக்கும் பொதுக் கணினியான யூனிக்ஸ் சர்வர் தயாரித்து என் பிரிண்டருக்கு அனுப்பும். ஆள் நேரில் வரும்வரை அந்தப் பெயர் வாராவாரம் வந்துகொண்டே இருக்கும்.

அந்த வருடம் அண்ணிக்குக் கழுத்தில் ஒரு கட்டி. எங்கள் மருத்துவமனையிலேயே ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். "ஏதாவது இருந்தா ரெண்டு வாரத்துல லெட்டர் வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். எல்லாப் பதிவுகளையும் திறக்கும் சாவி அண்ணாவின் கையில். ஒரு நொடியில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

"நோயாளிங்க விவரத்தை நான் பாக்கக் கூடாதும்மா. பொண்டாட்டின்னா மட்டும் பாத்துரலாமா?"

நேர்மைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு எரிச்சலாக வந்தது. அவரோ நடைக்கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

பார்க்காமல் இருக்க அவருக்கு வேறு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, அது தானாக வந்து மாட்டியது. சர்வரில் தற்காலிகக் கோப்புகளுக்கென்று ஒரு பொது இடம் உண்டு. நிரல்கள் பாதி வேலையில் கையில் இருப்பதை அங்கே இறக்கி வைத்து, முடிந்ததும் எடுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் அவ்வப்போது ஊர்பேர் தெரியாத கோப்புகள் முளைத்தன. பெயரைப் பார்த்தால் விசைப்பலகைமேல் பூனை நடந்த மாதிரி இருக்கும். யாருடையது என்று கேட்டால், எல்லா நிரல்களும் பயன்படுத்தும் பொதுக் கணக்கின் பெயரைக் காட்டும். எந்த நிரல் திறந்து வைத்திருக்கிறது என்று கேட்டால், எதுவுமில்லை என்று பதில் வரும். கால் மணி கழித்துப் பார்த்தால் கோப்பே இருக்காது. ஒரே ஒரு முறை மட்டும் போகாமல் தங்கி, சர்வரின் சேமிப்பு வட்டு நிரம்பி, ஆய்வகம் அரை மணி நேரம் ஸ்தம்பித்தது. மேலாளர் அண்ணாவைக் காய்ச்சி எடுத்துவிட்டார்.

"எவனோ என் வீட்டு மாடியில துணி காயப்போட்டுட்டுப் போறான்மா. யாருன்னு ஒரு நாளாவது பிடிக்க முடியல" என்று பொருமினார்.

நான்கு நாள் வேட்டையாடினார். ஐந்தாம் நாள் பொறுமை போய், குட்டியாக ஒரு ஸ்கிரிப்ட், தானே ஓடும் சின்ன நிரல், எழுதினார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது அங்கே போகும். அந்த மாதிரிப் பெயரில் யாரும் திறந்து வைக்காத கோப்பு கிடந்தால் அழித்துவிடும். மேலாளருக்குத் திருப்தி, அண்ணாவுக்கும் திருப்தி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் இரண்டரை மணிக்கு என் மேசைக்கு வருவார். பட்டியலைத் தொட மாட்டார், எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

"இருக்கா?"

"இல்லண்ணா."

போய்விடுவார். இப்படி ஏழு திங்கட்கிழமைகள். நான்காவது வாரத்திலிருந்து இல்லை என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். பட்டியலும் அப்போது இளைத்திருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. வேலை குறைந்தால் யாருக்குக் கசக்கும்? நேரத்தோடு வீட்டுக்குப் போனேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எட்டாவது திங்கள் காலையில் ஒரு லாரி ஓட்டுநர் வந்து நின்றார். ஆய்வகத்தில் அவருக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, முடிவு சரியில்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாளாம்.

"லெட்டர் வரும் வரும்னு ஒரு மாசமா காத்திருக்கேன்மா. வரவே இல்லையே?"

என்னிடமிருந்த ஒரு பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. அவருடைய மருத்துவமனைப் பதிவு அட்டையைப் பார்த்தேன். பல வருடம் முன்பு போட்ட பழைய அட்டை, அதனால் வரிசையில் சின்ன எண். பட்டியல்களை மறுபடி புரட்டினேன். ஏழு வாரமாகச் சின்ன எண் ஒன்றுகூட வரவில்லை. அவரை டாக்டரிடம் அனுப்பிவிட்டு, கணினி அறைக்கு ஓடினேன்.

அண்ணா பட்டியல் நிரலைக் கையாலேயே ஓட விட்டார். மறு திரையில் பூனை நடந்த பெயர்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. அதைப் பார்த்த மனுஷன் அப்படியே நின்றுவிட்டார்.

எப்போதோ வெளிக் கம்பெனி ஒன்று எழுதிக் கொடுத்த நிரல் அது. பெரிய பட்டியலை அட்டை எண்படி துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் மூடி அந்தப் பொது இடத்தில் வைக்கும். கடைசியில் எல்லாவற்றையும் எடுத்து ஒட்டும். முதலில் வைத்த துண்டுகள், அதாவது பழைய அட்டைக்காரர்கள், ஒட்டும் நேரம் வருவதற்குள் ஸ்கிரிப்டின் கையில் சிக்கிவிடுவார்கள். துண்டைக் காணோம் என்று நிரல் ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு, இருப்பதை ஒட்டிக் கொடுத்துவிடும். அந்த மின்னஞ்சல்கள் எங்கே? சர்வர் சும்மா முனகுகிறது, தபால்பெட்டி குப்பையாகிறது என்று அதன் மின்னஞ்சல்களையெல்லாம் படிக்காமலே அழியும்படி அண்ணா என்றைக்கோ செய்து வைத்திருந்தார்.

ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு மறுபடி ஓட விட்டார். முப்பத்தொரு பெயர் வந்த இடத்தில் ஐம்பத்தெட்டு வந்தது. தாளை நான்தான் எடுத்தேன். அண்ணியின் அட்டை பழையது, அவர் மகள் பிறந்தபோது போட்டது. நான்காவது வரியில் இருந்தார்.

அண்ணா கையை நீட்டினார். முதல்முறையாகப் பட்டியலைக் கையில் வாங்கிப் படித்தார். அங்கிருந்த தொலைபேசியில் வீட்டு எண்ணைச் சுழற்றினார், தப்பாகிவிட்டது, மறுபடி சுழற்றினார்.

"கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வா. இப்பவே வா."

"ஏங்க, லெட்டர் வந்துடுச்சா?" அண்ணியின் குரல் எனக்கே கேட்டது.

"ஏழு வாரமா உன் பேரு வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான்தான் வாராவாரம் அழிச்சுக்கிட்டு இருந்தேன்."