விளக்கு எரிந்த குழி

நோர்வேயில் நான் கழிவுநீர்க் குழிக்குள் இறங்கினால், மேலே ஒருவர் நின்று என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அன்றைக்கு அவருக்கு அது மட்டும்தான் வேலை. நான் பதில் சொல்லச் சுணங்கினால் கயிற்றைப் பிடித்து மேலே இழுத்துவிடுவார்கள். என்னைப் பெற்றவளே இத்தனை தடவை என்னைக் கூப்பிட்டதில்லை. இடுப்பில் காற்றை அளக்கும் கருவி, தோளில் அந்தக் கயிறு பூட்டிய பட்டி, கைக்கு உறை. மலக்குழியில் இறங்குகிறவனுக்கு இங்கே மாப்பிள்ளை மரியாதை.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, இறங்குவதற்கு முன் எங்கள் பொறியியலாளர் இங்ரிட்டிடம் விளக்கு கேட்டேன். நெற்றியில் கட்டும் டோர்ச்சை நீட்டினார். இது இல்லை, நெருப்பு விளக்கு என்றேன். சிரித்தார். நான் பகிடி விடவில்லை என்று தெரிந்ததும், எதற்கு என்று கேட்டார்.

இலங்கையில், எங்கள் வன்னியில் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். பாழ்கிணற்றில் இறங்குமுன் அங்கே கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்போம். அணைந்தால் வேப்பங்கொப்பை இறக்கி ஆட்டுவோம். எரிந்தால் இறங்கலாம். கிளிநொச்சியில் மலக்குழி இறைக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் நான் மேற்பார்வையாளனாக இருந்தேன். எனக்குக் கீழே வேலை செய்தவன் பெருமாள். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தர்மபுரத்துக்கு வந்து குடியேறிய குடும்பம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறந்தால் வயல் வேலை, மற்ற நாட்களில் மலம் உறிஞ்சும் எங்கள் பவுசர் லொறியில். சாராயத்தைத் தொடாதவன்.

ஒருநாள் மத்தியானம், ஒரு விடுதியின் பின்பக்கம், பவுசரின் குழாய் அடைத்துக்கொண்டது. யாராவது குழிக்குள் இறங்கி அடைப்பை எடுக்க வேண்டும். நானே விளக்கை இறக்கினேன். சுடர் ஆடாமல் எரிந்தது.

"மணம் ஒரு மாதிரி இருக்குங்க சேர்" என்றான் பெருமாள்.

"மலக்குழியிலை மல்லிகையே மணக்கும்? விளக்கு எரியுதுதானே. இறங்கு."

பவுசரை ஓட்டி வந்த சாரதி சிரித்தான். பெருமாளும் சிரித்துக்கொண்டுதான் இறங்கினான். மூன்றாவது படியில் அவன் கை விட்டது. அவன் விழுந்த பிறகும் விளக்கு எரிந்தது.

மரண விசாரணையில், "குடிச்சிருந்தவர். நான் மறிக்க மறிக்க இறங்கினவர்" என்று சொன்னேன். உயிரோடு இருந்தவரை நீ என்று கூப்பிட்டவனுக்கு அன்றைக்குத்தான் மரியாதை கொடுத்தேன். சாரதி தலையாட்டினான். தோட்டக்காட்டான் என்றால் குடிப்பான் என்று நம்ப எல்லோரும் தயாராக இருந்தார்கள். என் பொய்க்குப் பாதி வேலையை அவர்களே செய்துவிட்டார்கள்.

இங்ரிட்டிடம் இவ்வளவையும் சொன்னேன். அரைகுறை நோர்வேஜியத்தில் பொய் சொல்ல எனக்குச் சொற்கள் போதவில்லை. மலக்குழியில் சேரும் நச்சு வாயு ஆளைக் கொல்லும், ஆனால் விளக்கை அணைக்காது என்று அவர் விளங்கப்படுத்தினார். விளக்கு எரிந்ததே, என்மீது பிழையில்லை என்று அதுவரை நன்றாக நித்திரை கொண்டவன் நான். அதன்பின் ஒவ்வொரு வருடமும் புதிய தொழிலாளருக்கு நான் இதைச் சொல்ல வேண்டும் என்றாயிற்று.

போன மாதம் பெருமாளின் மனைவி தொலைபேசியில் வந்தார். என் இலக்கத்தைச் சாரதி கொடுத்திருந்தான். மகளுக்குப் பூநகரியில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். குடித்துவிட்டுக் குழியில் விழுந்தவனின் மகளா என்று மாப்பிள்ளையின் தகப்பன் இழுக்கிறாராம்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பக்கத்துலதான் இருக்காங்க சேர். எங்க வீட்டுக்காரரு அன்னைக்குக் குடிக்கலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஒரு வார்த்தைதான். ஆனால் குடிக்கவில்லையென்றால் ஏன் இறங்கினான் என்று அடுத்த கேள்வி வரும். எனக்கு ஊரில் வீடு இருக்கிறது, சொந்தபந்தம் இருக்கிறது, கோயில் தேருக்குப் போய் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

"குடிச்சிருந்தவர், பிள்ளை" என்றேன்.

"சரிங்க சேர். அவ்வளவு தூரத்துல இருந்துகிட்டு நீங்க எதுக்குப் பொய் சொல்லப்போறீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். சம்பந்தம் குலைந்துவிட்டது என்று பிறகு சாரதி சொன்னான்.

அடுத்த கிழமை பயிற்சி வகுப்பு. சொட்டும் குடிக்காத ஒருவனை நான்தான் இறக்கிக் கொன்றேன் என்று, இப்போது திருத்தமாக வரும் நோர்வேஜியத்தில், புதியவர்களுக்குச் சொன்னேன். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். 'தூசன் தக்', ஆயிரம் நன்றி, என்று வரிசையாக வந்து கை குலுக்கினார்கள். வெட்கக்கேடு, எனக்கு மனம் லேசாகத்தான் இருந்தது. வகுப்பறைச் சுவரில் அவனுடைய சொந்தப் பெயரையும் ஊரையும் போட்டு, நடந்ததை நடந்தபடி நோர்வேஜியத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதை அவன் மனைவியால் வாசிக்க முடியாது. அவருக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அதனால் இங்கே அவன் பெயர் பெருமாள், ஊர் தர்மபுரம். இரண்டும் அவனுடையவை அல்ல.