கடுக்காயும் வெல்லமும் போட்ட தளம்

எங்கள் வீட்டுப் பின்னறை ஒழுகுவதை நைனா மூன்று மழைக்காலம் ஒத்துக்கொள்ளவே இல்லை. "செவுரு வேர்க்குதுடா, ஒழுகல" என்பார். நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். பஸ் ஒழுகியபோதும் பயணிகளிடம் இதையேதான் சொல்லியிருப்பார்.

அக்காவுக்கு வளைகாப்பு நாள் குறித்ததும் வசமாக மாட்டிக்கொண்டார். தலைப்பிரசவம், அம்மா வீட்டுக்குத்தான் வரவேண்டும். சம்பந்தியம்மாவோ திண்டிவனத்திலிருந்து போனிலேயே சொல்லிவிட்டார்: "ஓதம் அடிக்கிற ரூம்ல புள்ளத்தாச்சிய எப்படிங்க படுக்க வெக்கிறது? சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, அனுப்பறோம்." அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கொத்து மேஸ்திரி வந்தார். மாடியேறி, தளத்தைப் பார்க்காமல் எதிரே செஞ்சிக் கோட்டை மலையைப் பார்த்தார். "அண்ணே, கோட்டைல களஞ்சியம் இன்னும் நிக்குதே, சிமெண்டா போட்டான்? சுண்ணாம்பு, கடுக்கா, வெல்லம். அவ்ளோதான்."

நைனாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கோட்டை பேரைச் சொன்னால் செஞ்சிக்காரன் தலையில் எதையும் கட்டிவிடலாம். கடுக்காயை ஊறவைத்து, வெல்லம் கரைத்து, சுண்ணாம்போடு குழைத்துப் பூசினார்கள். மேஸ்திரி சொன்ன அளவு போதாதென்று நைனா மேலும் நாலு உருண்டை வெல்லம் போட்டார். "நம்ம பொண்ணுக்கு இல்லாததா?"

மறுநாள் எறும்பு வந்தது. ஊர் எறும்பு மொத்தமும் மாடியில்தான். காய்வதற்குள் மழையும் வந்தது. பின்னறையில் இப்போது பழுப்பாக, தித்திப்பாக ஒழுகியது. தித்திப்பு என்று எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"பானகம் ஊத்துது, டம்ளர் எடுத்துனு வாங்க!" என்று கத்திய அம்மா, அப்படியே உட்கார்ந்து அழுதாள். அடக்க முடியாமல் சிரித்துத் தொலைத்தேன்.

அக்காவை அனுப்பவில்லை. வளைகாப்பு, பிரசவம் எல்லாம் அங்கேயே. பெண் குழந்தை. பார்க்கப் போனபோது நைனா குழந்தையைப் பார்த்ததைவிடக் கூரையைத்தான் அதிகம் பார்த்தார். கூடத்தையொட்டிய அறையில் பெரிய ஈரக்கறை! மனுஷனுக்கு முகமெல்லாம் பல்.

"இன்னா சம்பந்தி, உங்க வீட்லயும் வேர்க்குது போல?"

"ஆமாங்க, ஒழுகுது" என்றார் சம்பந்தியம்மா, காப்பியை ஆற்றியபடி. "அதான் ஒழுகாத எங்க ரூம மருமவளுக்கு உட்டுட்டு நாங்க ஹால்ல படுத்துக்கிறோம்."

எங்கள் வீட்டு முன்னறை ஒருநாளும் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. நைனாவின் கட்டிலும் டிவியும் என் மேசையும் அங்கேதான். எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. அம்மாவுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? எங்களிடம் கேட்டுப் பயனில்லை என்று விட்டிருப்பாள்.

அவள் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.