அண்ணன் எனக்குக் கொடுத்த பூசை

என் அண்ணன் சவரிமுத்து என்னைக் கொன்றுவிட்டான். செபஸ்தியார் நவநாள் பூசையில், ஊரே முழங்காலில் இருக்கும்போது, மைக்கில் வைத்துக் கொன்றான்.

அப்போது நான் அயர்லாந்தில், வேலை பார்க்கும் முதியோர் இல்லச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். இங்கே எந்த வேளைக்கும் உருளைக்கிழங்குதான். அதைச் சோற்றில் பிசைந்து தின்பவனை வேடிக்கை பார்க்கிறார்கள். திருவாரூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பூசை செல்போனில் நேரலையாக ஓடியது. சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார், பூசை கொடுத்தவர்களின் பட்டியலை வாசித்தார்: “மரித்த அருளப்பனின் ஆன்மா இளைப்பாற, அண்ணன் சவரிமுத்து குடும்பத்தார்.” அருளப்பன் நான்தான்.

உடனே என் போனுக்கே துக்கம் விசாரித்து அழைப்புகள் வந்தன. சித்தி அழைத்தார்.

“வீட்டுல பெரியவங்க யாராச்சும் இருந்தா குடுப்பா.”

“சித்தி, நான்தான் அருளப்பன் பேசுறேன்.”

“குரல்கூட அவனை மாதிரியே இருக்கேப்பா” என்று அழுதார்.

அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு நின்று வருடக்கணக்காகிறது. திருவிழாவில் செபஸ்தியார் சப்பரத்தைத் தூக்கும் மரத்தில் முன் இடது பக்கம் அப்பாவின் தோளுக்கு உரியது. அவருடைய அப்பாவும் அங்கேதான் தோள் கொடுத்தார். அந்த இடத்தை அப்பா எனக்கென்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் விமானம் ஏறிய வருடமே அண்ணன் அதைத் தன் மச்சானுக்குக் கொடுத்தான். மச்சான் குள்ளம். வாய்க்கால் பாலத்தில் செபஸ்தியார் ஒருக்களித்துப் போனதை இங்கிருந்து செல்போனில் பார்த்தேன். அண்ணனைப் போனில் கண்டபடி திட்டினேன், அதோடு பேச்சு நின்றது.

இப்போது நானே அழைத்தேன்.

“என்னண்ணே பண்ணி வச்சிருக்க?”

“உன்னை மன்னிச்சுட்டேன்டா. அதான் பூசை குடுத்தேன். தம்பிக்குன்னு சொன்னேன், உபதேசியார் வேற ஒண்ணும் கேக்கல.”

எப்படிக் கேட்பார்? எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவனுக்கு யார் பூசை கொடுத்திருக்கிறார்கள்?

“செத்தவனுக்குல்ல வாசிச்சாரு.”

“பூசை வீணாப் போவாதுடா. பின்னால ஒருநாள் ஆகும்.”

“ஊருக்கு நான் எப்படி வர்றது?”

“பாஸ்காவுக்கு, உயிர்த்த ஞாயிறுக்கு வா. பொருத்தமா இருக்கும்.”

வைத்துவிட்டேன். இவன் என்னை மன்னித்தானாம்.

இங்குள்ள கோவில் சாமியாரிடம் முறையிட்டேன். “அண்ணன் உங்களுக்காகப் பூசை வைத்தாரா? எவ்வளவு அன்பு” என்று கண் கலங்கினார். சப்பரத்தைப் பற்றிச் சொன்னேன். “வேறு பக்கம் தூக்கலாமே” என்றார். நல்ல மனிதர். அவரிடம் சொல்லிப் பயனில்லை.

ஞாயிறு பூசைச் செபத்தில் பிறரை மன்னிக்கும் வரி வரும்போது என் வாய் மட்டும் மூடிக்கொள்கிறது. சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்துக் கிழவர் கை கொடுக்கிறார். அவருக்கு என் பெயர் தெரியாது, உயிரோடு இருக்கிறேன் என்று தெரியும். ஊரில் எல்லாருக்கும் என் பெயர் தெரியும். உயிர்தான் இல்லை.

அண்ணே, அந்த இடத்தை மச்சானே வைத்துக்கொள்ளட்டும். அதை மன்னித்தாயிற்று, கஷ்டப்பட்டுத்தான். ஆனால் பாஸ்காவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கோவிலுக்குள் நான் நுழையும்போது சித்தி மயங்கி விழக் கூடாது. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியாரை நகரச் சொல்லிவிட்டு நீயே மைக்கைப் பிடி. உன் தம்பி இருக்கிறானா, செத்தானா? ஊரே கேட்கும்படி சொல்.