புங்கங்குட்டையில் மூன்று நாள்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குடும்பம் குடும்பமாகத் தோப்புக்குப் போய், கூடாரம் அடித்து மூன்று நாள் தங்கும் பழக்கத்தை பிளாக்பள்ளி தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குள் தொடங்கிவைத்தவள் அல்போன்சா. ஆளைப் பார்த்தால் நம்பமுடியாது. அந்த மூன்று நாளும் அவள் ஊஞ்சலைத் தொடமாட்டாள், குட்டையில் கால் நனைக்கமாட்டாள், யாராவது வேடிக்கையாகப் பேசினால் வேறு பக்கம் பார்ப்பாள். இப்படிப்பட்டவள் எதற்காக வருஷம் தவறாமல் முதல் வண்டியில் ஏறுகிறாள் என்று ஒருவராவது யோசித்திருக்கலாம். பிரியாணி வாசனை மூக்கில் ஏறிவிட்டால் மனிதனுக்கு மூளை ஓடுவதில்லை.

அவள் புருஷன் பெர்னார்ட், வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்த தண்டுப் பகுதியில், அவர்களுக்குக் கூடாரம் தைக்கும் கடையில் தையல்காரர். கழித்துப் போட்ட கித்தான்களை ஒட்டுப்போட்டு, ஆறு குடும்பம் தங்கும் அளவுக்குக் கூடாரங்கள் சேர்த்துவைத்திருந்தார். இடம், லிங்கராஜபுரத்தைத் தாண்டி வடக்கே இரண்டு மைல். கன்னடக்காரர்கள் ஹொங்கே குண்டே என்பார்கள், நம்மவர்களுக்கு அது புங்கங்குட்டை. மார்கழிக் குளிரில் விடிகாலை தண்ணீர்மேல் பனி நிற்கும். வெயில் ஏறியதும் பிள்ளைகள் வாழைமட்டைத் தெப்பம் விடுவார்கள், வேட்டியை விரித்துக் கெண்டைக்குஞ்சு பிடிப்பார்கள். பெண்கள் டின் டின்னாகக் கல்கல் பலகாரமும் அச்சுமுறுக்கும் கொண்டுவருவார்கள். நல்ல இடம்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அல்போன்சாவின் கூடாரம் மட்டும் கரையோரமாக, தனியாக, எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். ஒரு சாண் தள்ளி அடிக்கவும் விடமாட்டாள்.

"இன்னாக்கா, டென்ட்டுக்கு அடில புதையலு கீதா? எங்களுக்கும் பங்கு குடுங்க!" என்று பவுலின் கத்துவாள். பாண்டு வாத்தியக்காரன் பெண்டாட்டி, அவள் குரலுக்கு வாத்தியமே வேண்டாம். எல்லோரும் சிரிப்பார்கள். அல்போன்சா சிரிக்கமாட்டாள்.

புதையல் இல்லை. அங்கே இருந்தது அவள் பிள்ளை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஊரில் பிளேக் விழுந்தபோது, தெருவே வீடுகளைப் பூட்டிக்கொண்டு இந்தத் தோப்பில் வந்து குடிசை போட்டது. நோயைவிடச் சர்க்காருக்குத்தான் ஜனங்கள் அதிகம் பயந்தார்கள். ஒருவருக்கு நெறி கட்டியது என்று தெரிந்தால் போதும், நோயாளியை ஒரு பக்கமும் மிச்சப்பேரை இன்னொரு பக்கமும் கொண்டுபோய் அடைப்பார்கள். வீட்டு ஓட்டைப் பிரிப்பார்கள், துணிமணியைக் கொளுத்துவார்கள். தினமும் ஒரு இன்ஸ்பெக்டர் குதிரையில் வந்து தோப்பிலுள்ளவர்களைத் தலை எண்ணிவிட்டுப் போவார்.

கிறிஸ்துமஸ் அன்று பிறந்ததால் நோயல் என்று பெயர் வைத்த பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்பியிருந்தது. இருபத்தேழாம் தேதி காய்ச்சல், அக்குளில் கட்டி. இருபத்தெட்டு விடியும்போது பிள்ளை இல்லை. ஆறு வயது எமிலி பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இவளையாவது காப்பாத்தணும், அல்போன்சா. வாயத் தொறக்காத" என்றார் பெர்னார்ட்.

குருவானவர் இல்லாமல், மந்திரித்த தண்ணீர் இல்லாமல், தான் தைத்த கித்தானில் பிள்ளையைச் சுற்றிக் கரையோரம் புதைத்தார். அதன்மேலேயே குடிசையை நகர்த்திப் போட்டார். தலை எண்ண வந்தவரிடம், பையனைக் கோலார் தங்கவயலில் மைத்துனன் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து, அங்கே வயிற்றுப்போக்கில் போய்விட்டான் என்று தெருவுக்குச் சொன்னார். ஒரு பொய்யை நிறுத்திவைக்க எத்தனை பொய் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும், "கோலாருக்குப் போகலியா?" என்று யாராவது கேட்பார்கள். அல்போன்சா மெழுகுவத்தியை ஆள்மூலம் கொடுத்தனுப்பிவிட்டதாகச் சொல்வாள். சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்ச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுவாள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. பெர்னார்டுக்குப் பயம் பிடித்தது. காற்று மாறினால் உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாக அக்கம்பக்கத்தில் சொல்லி, ஒரு பழைய கூடாரத்தை வண்டியில் போட்டு அவளைக் குட்டைக்கு அழைத்துப்போனார். மூன்று நாள். பாயை விரித்து, தரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு படுத்தாள். அன்றுதான் தூங்கினாள்.

இரண்டாம் வருஷம் பவுலின் பிடிவாதம் பிடித்தாள், நாங்களும் வருவோம் என்று. என்ன சொல்லித் தடுப்பது? பவுலின் பின்னால் இன்னொரு வீடு, அதன் பின்னால் இன்னொன்று. அல்போன்சாவின் துக்கத்துக்கு ஊரே சோறு கட்டிக்கொண்டு புறப்பட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பெயரைச் சொல்லி அழக்கூட இடமில்லாமல் போனாலும், பிள்ளைமேல் யாரும் மிதிக்காமல் மூன்று நாள் படுத்திருக்கலாம். வெளியே சொன்னால் என்ன ஆகும்? அந்தத் தோப்பில் பிறகும் பலர் செத்தார்கள். தெரிந்தும் மறைத்து எங்களுக்கெல்லாம் ஒட்டவைத்தீர்களே என்று கேட்கமாட்டார்களா? பெர்னார்டின் வேலை போகாதா? நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு பதினான்கு வருஷம் ஓட்டினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் எமிலிக்குத் தலைப்பிரசவம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வலி கண்டு, இருபத்தேழு இரவுதான் பெண் பிள்ளை பிறந்தது. பெர்னார்ட் கூடாரங்களோடு முன்னாலேயே போயிருந்தார். போகும்போதே சொல்லி அனுப்பினாள்.

"எடத்த மாத்திராதீங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

இருபத்தெட்டு, சேசு பாலனைத் தேடிய ராஜா வெட்டிக்கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். மகளைச் சம்பந்தியிடம் ஒப்படைத்துவிட்டு ஜட்கா வண்டியில் வந்து இறங்கியபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அவளுடைய கூடாரம் கரையில் இல்லை, இருபது அடி தள்ளி நின்றது. பழைய இடத்தில் இரண்டு ஆட்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக நின்றார்கள். அந்த வருஷம் பதினொரு குடும்பம் வந்திருந்தது. பெரிய பிரியாணி தேக்சா வைக்க நீளமாகக் குழியடுப்பு வேண்டுமாம், காற்றுக்கு மறைவான இடம் அதுதானாம். முழங்கால் ஆழம் வெட்டியாகிவிட்டது.

பெர்னார்ட் குட்டையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அந்த முதுகைக் கண்டதும் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வாயில்லாத மனுஷன். தடுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்து, பெற்ற பிள்ளையைத் தோண்டவிட்டு நிற்கிறார்!

கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓங்கிய கடப்பாரைக்குக் கீழே குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். கடப்பாரைக்காரன் பதறிப் பின்னால் சாய்ந்தான்.

"சேசுவே! அக்காவுக்கு இன்னா ஆச்சு?" என்று பவுலின் ஓடிவந்தாள். பெண்கள் கூடினார்கள். வெயிலில் வந்த மயக்கம் என்றாள் ஒருத்தி.

"தோண்டாதீங்க. இங்க எம்புள்ள இருக்கான்" என்றாள் அல்போன்சா.

யாருக்கும் புரியவில்லை. உபதேசியார் ஜெயராஜ், கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் வயதானவர், குழியோரம் குனிந்தார்.

"கோலார்லதானேம்மா உம்புள்ள..."

"கோலாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிளேக்குல போனான். இங்கதான் கெடக்கான்."

பிளேக் என்ற சொல் விழுந்ததும் கூட்டம் ஓரடி பின்வாங்கியது. பதினான்கு வருஷம் ஆகியும் அந்தச் சொல்லுக்கு அத்தனை பலம். அல்போன்சா அதைப் பார்த்தாள். இனி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று இரண்டு கையாலும் வெட்டிப்போட்ட மண்ணை வாரி வாரிக் குழிக்குள் தள்ளினாள்.

அப்போது பெர்னார்ட் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நான்தான் பொதைச்சேன். அவ சொல்லணும்னுதான் இருந்தா. நான் விடல. பாவம் ஏதாவது இருந்தா எம்மேல போடுங்க" என்றார். பிறகு குழிக்குள் இறங்கி, அவள் பக்கத்தில் மண்டியிட்டு அவரும் மண் தள்ள ஆரம்பித்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவளுடைய ஆத்திரம் ஒரே நொடியில் கரைந்துவிட்டது என்றால் அது பொய். ஆனால் அவர் கை தன் கைமேல் பட்டபோது அவள் விலக்கவில்லை.

அடுப்பு வேறிடத்தில் மூட்டப்பட்டது. பிள்ளைகளுக்குப் பசிக்குமே. பெரியவர்கள் பேருக்குக் கொறித்தார்கள். இரண்டு குடும்பங்கள் மூட்டை கட்டலாமா என்று முணுமுணுத்தன, ஆனால் யாரும் வண்டி பூட்டவில்லை. அல்போன்சா மூடிய மண்மேல் உட்கார்ந்தபடியே இருந்தாள்.

பொழுது சாயும் முன் ஜெயராஜ் ஜெபமாலையோடு அவளிடம் வந்தார். தினமும் குட்டைப் படியில் சொல்லும் ஜெபமாலையை அன்று இங்கே சொல்வோம் என்றார். எல்லோரும் சுற்றி மண்டியிட்டார்கள். ஜெபமாலை முடிந்ததும் அந்தந்த வீட்டார் தங்கள் இறந்தவர்களின் பெயரைச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து ஒரு பரலோக மந்திரம் சொல்வது வழக்கம். ஜெயராஜ் முதலில் அல்போன்சாவைப் பார்த்தார்.

"புள்ள பேரச் சொல்லும்மா."

பதினான்கு வருஷமாக வாய்க்குள்ளேயே கிடந்த பெயர்.

"நோயல்" என்றாள். "ரெண்டு வயசு, மூணு நாளு."

மந்திரம் சொன்னார்கள். அவள் உடம்பெல்லாம் குலுங்க அழுதாள், யாரும் தேற்ற வரவில்லை. அடுத்து யார் என்று ஜெயராஜ் நிமிர்ந்து பார்த்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மெலிந்து வந்த அது பவுலினுடைய குரல் என்று தெரிய ஒரு கணம் ஆயிற்று.

"கிளாரன்ஸ். ஒம்பது மாசம்."

பவுலினின் கைக்குழந்தை கிளாரன்ஸ், பிளேக் வருஷத்தில் சேலத்தில் அவள் மாமியார் வீட்டில் இறந்ததாகத்தான் பிளாக்பள்ளி முழுவதும் நம்பியிருந்தது. பவுலின் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான். அல்போன்சா திரும்பி அவளைப் பார்த்தாள்.

"சேலத்துல இல்ல உபதேசியாரே, இங்கதான்" என்றாள் பவுலின்.

மந்திரம் முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஓரத்தில் ஒரு ஆண்குரல் கனைத்து, ஒரு பெண் குழந்தையின் பெயரைச் சொன்னது. அவர் முடிக்குமுன் இன்னொரு வீட்டிலிருந்து இன்னொரு பெயர் வந்தது. ஜெயராஜ் உபதேசியார் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மந்திரம் சொன்னார், ஜெபம் முடிய வழக்கத்தைவிட வெகுநேரம் ஆயிற்று.