பாத்ரூம் வாசல் வரை போன ஸ்கூட்டர்

2006-ஆம் வருடம் என்று நினைக்கிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் குடியிருந்தோம். எதிர்வீட்டு அண்ணன் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஆறடிக்கு மேல் உயரம். அவர் மனைவி இடுப்பில் ஆபரேஷன் முடிந்து, மறுநாள் மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வருவதாக இருந்தது. அதற்குள் பாத்ரூம் சுவரில், பிடித்து எழுந்திருக்க ஒரு ஸ்டீல் கம்பி பொருத்தியாக வேண்டும். வழுக்கி விழுந்தால் மறுபடியும் ஆபரேஷன்தான் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

வருகிறேன் என்ற எலக்ட்ரீஷியன் வரவில்லை. அண்ணனிடம் மகன் பாரீசிலிருந்து கொண்டுவந்த பேட்டரி டிரில் ஒன்று இருந்தது. ஆனால் பேட்டரி செத்து இரண்டு வருடம். அந்த மாடல் இங்கே கிடைக்காது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "குடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அதுவரை என் அனுபவம், ஒரு ரேடியோவைப் பிரித்து, மூன்று ஸ்க்ரூ மிச்சம் வைத்து மூடியது மட்டும்தான்.

பேட்டரி டப்பாவைத் திறந்து, செத்த செல்களை எடுத்துவிட்டு, உள்ளே இரண்டு வயரைப் பற்றவைத்தேன். டிரில் பன்னிரண்டு வோல்ட். என் ஸ்கூட்டர் பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட். பொருத்தம் பார்த்து முடித்துவைத்தேன். விசையை அழுத்தியதும் டிரில் உறுமியது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றப் போனால் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. வயரோ ஒரு முழம். வேறு வழியில்லாமல், மறுநாள் மதியம் ஸ்கூட்டரையே தள்ளிக்கொண்டு போய், ஹாலைக் கடந்து பாத்ரூம் வாசலில் நிறுத்தினேன்.

"உங்க அண்ணி பாத்தா என்னாப்பா சொல்றது?"

"அவுங்க வர்றதுக்குள்ள முடிச்சிரலாம்ண்ணே."

அண்ணன் விறைப்பாக நின்று, தன் கைக்கு வாகான இடத்தில் பென்சிலால் குறி போட்டார். நான் டிரில்லை வைத்து அழுத்தினேன். கத்தியதே தவிர, ஓட்டை விழவில்லை. பத்து நிமிடத்தில் டைல்ஸ் பளபளப்பானதுதான் மிச்சம். கருகல் நாற்றம் வேறு வந்தது. மகன் கொண்டுவந்த மெஷினைக் கொன்றுவிட்டோம் என்றே நினைத்தேன். வாய் மட்டும் அடங்கவில்லை.

"பிரெஞ்சுக்காரன் காலத்துச் செவருண்ணே, உறுதி ஜாஸ்தி."

"தொண்ணூத்தாறுல நான் கட்டுன வீடுப்பா இது."

வாசலில் ஆட்டோ சத்தம். இரண்டு மணி நேரம் முன்னதாகவே அண்ணி வந்துவிட்டார். தங்கை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, வாக்கரை ஊன்றி உள்ளே வந்தவர், ஸ்கூட்டரைப் பார்த்தார்.

"இது ஏன் பாத்ரூமுக்கு வந்து நிக்குது? அதுக்கும் வயசாயிடுச்சா?"

டிரில்லைக் கெடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். ஒருமுறை சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"அது பின்பக்கமால்ல சுத்துது. ஓட்ட போடுறியா, செவத்தக் கழட்டுறியா? ஸ்க்ரூ கழட்டறப்ப எம்புள்ள சைடுல இதத்தான் தள்ளுவான்."

விரல் வைத்துக் காட்டினார். விசைக்கு மேலே ஒரு சின்னக் குமிழ். வயர் பற்றவைத்தபோது என் கை பட்டுத் தள்ளியிருக்க வேண்டும். நான் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒளிய இடம் தேடினேன்.

அதற்குள் அண்ணி சுவரிலிருந்த பென்சில் குறியைப் பார்த்துவிட்டார். "இது யாருக்குங்க?"

"உனக்குத்தான்" என்றார் அண்ணன், குரல் இறங்கி.

"இதப் புடிக்கணும்னா நான் ஸ்டூல்ல ஏறணும். ஸ்டூல்ல ஏற இன்னொரு கம்பி போடணும்."

நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவரே கையை நீட்டி இடம் காட்டினார். ஒன்றரை அடி கீழே. குமிழை மறுபக்கம் தள்ளியதும், அங்கே நான்கு ஓட்டைகளும் ஒழுங்காக விழுந்தன. கம்பியை முடுக்கியதும், அண்ணி அதைப் பிடித்து மெல்ல எழுந்தார். நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் கையை ஏந்தியபடி நின்றோம்.

"ஆடல" என்றார்.

டிரில் அன்றைக்கு நேராகச் சுற்றியிருந்தால், அவருக்கு எட்டாத உயரத்தில் கம்பியைப் பொருத்திவிட்டு, நாங்கள் பெருமையாகக் காபி குடித்துக்கொண்டிருந்திருப்போம். இப்போதெல்லாம் யாருக்காவது உதவப் போனால், டிரில்லைத் தொடுவதற்கு முன், "கொஞ்சம் கைய நீட்டிக் காட்டுங்க" என்றுதான் முதலில் கேட்கிறேன்.