துப்பாக்கிப் பெட்டிக்கு வைத்த பொட்டு

கலைவாணன் இந்த உலகத்தில் முழுசாக நம்பியது ஒன்றைத்தான். அது அவருடைய அரைஞாண் கயிறு. துப்பாக்கிப் பெட்டியின் சாவி அதில்தான் தொங்கியது. குளிக்கும்போதும் தொங்கியது, தூங்கும்போதும் தொங்கியது. புரண்டு படுத்தால் தன் விலாவில் குத்துகிறது என்று அவர் மனைவி அன்பரசி பல நாள் சொல்லிப் பார்த்தாள். பாதுகாப்பு என்றால் கொஞ்சம் குத்தத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு அவர் அந்தப் பக்கமாகவே புரண்டு படுத்தார்.

பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு மாமல்லபுரத்தில் ஒரு வங்கி வாசலில், லைசென்ஸ் உள்ள சொந்த இரட்டைக்குழல் துப்பாக்கியோடு பதினோரு வருஷமாகக் காவல். அந்த வேலைக்கு ஆளும் துப்பாக்கியும் ஜோடியாகத்தான் வர வேண்டும். இவருக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தால், மேனேஜர் முதலில் விசாரிப்பது துப்பாக்கியைத்தான்.

அப்பா காலம் முழுக்க அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். செத்தபோது அவர் பெயரில் ஒரு முழம் மண் இல்லை. அதனால் கல்பாக்கத்தை ஒட்டிப் புதுப்பட்டினத்தில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்கிப் பத்திரம் பதிந்த அன்று, கலைவாணன் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலிலேயே அழுதுவிட்டார். கண்ணில் தூசி என்று சொல்லிக்கொண்டார். அன்பரசியும் தூசி என்றே ஒத்துக்கொண்டாள்.

செங்கல்பட்டில் வாடகைக்கு இருந்தவரை துப்பாக்கி கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில், நாய்ச் சங்கிலி போட்டுக் கட்டிக் கிடந்தது. சொந்த வீட்டில் அப்படி விடலாமா? பட்டறையில் சொல்லி ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று செய்தார். உள்ளிருந்து நான்கு போல்ட் போட்டுச் சுவரோடு முடுக்கினார். சாவித் துவாரம் மட்டும் அவருடைய இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். பட்டறைக்காரருக்குக் காரணம் புரியவில்லை. அரைஞாண் கயிற்றை அவிழ்க்காமலே, பெட்டியைக் கட்டிப்பிடித்த மாதிரி நின்று திறந்துவிடலாம் என்பதுதான் காரணம். தோட்டாக்கள் தனியாக, அடுத்த அறை பீரோவில், பூட்டிய தகர டப்பாவில் இருந்தன.

வீடு மாறினால் லைசென்ஸிலும் முகவரி மாற வேண்டும். அதற்குப் போலீஸ் வந்து துப்பாக்கியையும் அது இருக்கும் இடத்தையும் பார்த்து ரிப்போர்ட் எழுத வேண்டும். ரிப்போர்ட் கலெக்டர் ஆபீஸுக்குப் போகும்வரை துப்பாக்கியை வெளியே எடுக்காதே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமைக்குள் போகாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்றும் சொல்லிவிட்டார். துப்பாக்கி பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்த வாரம் பார்த்து ஆயுத பூஜை வந்தது.

அன்பரசி மிக்சி, கிரைண்டர், தையல் மெஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். பிறகு இவரிடம் வந்தாள்.

"துப்பாக்கிய எடுத்துக் குடு. ஒரு பொட்டு வெச்சிட்டுத் தரேன்."

"ஆயுதச் சட்டம் இன்னான்னு தெரியுமா உனுக்கு? லைசென்ஸ்காரனத் தவிர ஒருத்தரும் தொடக் கூடாது."

"ஆயுத பூஜைக்கு ஆயுதம் தரமாட்டேன்னு சொல்ற மொத ஆளு நீதான்யா."

அவர் பொரி கடலை வாங்கப் போன நேரத்தில், உள்ளே இருப்பதைத்தானே தொடக் கூடாது என்று அவள் வெளியே இருந்த இரும்புக் கதவுக்குச் சந்தனம் வைத்தாள். நான்கு மூலைக்கும் நான்கு, பூட்டுக்கு மேலே தடிமனாக ஒன்று, அதன்மேல் குங்குமம். திரும்பி வந்து பார்த்த கலைவாணனுக்கு மூக்கு நுனியில் கோபம். பெட்டி என்ன கோயிலா என்று கத்தினார். பூட்டுக்கு மேலிருந்த ஈரச் சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் கீழ்நோக்கி ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்தார். சந்தனம் எங்கே போயிற்று என்று அவர் பார்க்கவில்லை. கோபத்தில் இருக்கிறவர் அதையெல்லாம் எங்கே பார்க்கப் போகிறார்?

சனிக்கிழமை காலை எஸ்.ஐ. துர்காதேவி வந்தார். வீட்டு இன்சூரன்ஸில் துப்பாக்கியையும் சேர்க்க வேண்டும் என்று கலைவாணன் கேட்டிருந்ததால், நாலாவது வீட்டு ஏஜெண்ட் ஜோயலும் ஃபைலோடு வந்து உட்கார்ந்திருந்தான். கலைவாணன் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றார். மேடத்தைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு, பெட்டியைக் கட்டிப்பிடித்துச் சாவியை நுழைத்தார்.

சாவி பாதிதான் போனது. எக்கிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். பெட்டியோடு பத்து நிமிஷம் மல்லுக்கட்டினார். கடைசியில் மானத்தை விட்டு அரைஞாண் கயிற்றையே கத்தரித்து, சாவியைக் கையில் எடுத்துக் குத்திப் பார்த்தார். துவாரத்துக்குள் மூன்று நாள் காய்ந்த சந்தனம் சிமெண்ட்டாகிக் கிடந்தது.

ஜோயலுக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணாத்த, சூப்பர்! சொந்தக்காரனாலயே தொறக்க முடியாத பொட்டி. எங்க கம்பெனி கண்ணை மூடிகினு பாலிசி குடுக்கும்."

"நீ சும்மா இரு தம்பி," என்றார் துர்காதேவி. "உங்க கம்பெனிக்குத் தொறக்கக் கூடாது. எனக்குத் தொறந்தாகணும். உள்ள துப்பாக்கி இருக்குன்னு நான் எதை வெச்சு எழுதறது?"

கலைவாணன் சுத்தியலைத் தூக்கினார். ஜோயல் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "பூட்டை ஒடைச்சா பாலிசி எப்பிடிக் குடுப்பாங்க அண்ணாத்த?" எஸ்.ஐ.யும் தலையாட்டினார். பூட்டு உடைந்த பெட்டியைப் பாதுகாப்பான இடம் என்று தானும் எழுத முடியாது என்றார். எழுதாமல் போகவும் முடியாது. அரைமணி நேரம் பார்ப்பாராம், அப்புறம் ஆயுதம் காட்டப்படவில்லை என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவாராம். அந்த இரண்டு வார்த்தை போனால் லைசென்ஸ் போச்சு, திங்கட்கிழமை வங்கி வாசலில் வேறு ஒருவன் நிற்பான்.

பயம் வந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "பொட்டு வெச்சிப் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேடி! உனுக்கு இன்னா பேஜாரு பண்ணேன் நான்?"

அன்பரசி ஒரு டம்ளர் வெந்நீரும் ஸ்டவ் பின்னும் எடுத்து வந்து, பெட்டி முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஒரு சொட்டு விடுவாள், ஊறவிடுவாள், சுரண்டுவாள். மஞ்சள் சேறு ஒழுகி வந்தது.

அந்த நேரத்தில் துர்காதேவி பீரோவிலிருந்து தகர டப்பாவை எடுத்துவரச் சொல்லித் தோட்டாக்களை எண்ணினார். பத்து. லைசென்ஸைப் புரட்டினார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வாங்கியதும் பத்து.

"ஒண்ணுகூடச் செலவாகலையா? இது இனிமே வெடிக்குமா?"

"வெடிச்சுப் பார்த்ததில்ல மேடம்," என்றார் கலைவாணன் சன்னமாக.

"அதுக்குத்தான் மேடம் பொட்டு வெச்சேன்." திரும்பாமலே சுரண்டிக்கொண்டு அன்பரசி சொன்னாள். "டெய்லி காலைல இத்தத் தூக்கிகினு போவாரு. இன்னிக்கு வெடிக்கக் கூடாது, இவரையும் எவனும் சுடக் கூடாதுன்னு வேண்டிகினே ஒல வெப்பேன். பதினோரு வருசம் ரெண்டும் ஒழுங்கா வூடு வந்து சேந்துகீது. மிக்சிக்கே பொட்டு வெக்கறேன், இதுக்கு வெக்க மாட்டனா?"

கலைவாணனுக்குச் சற்று முன்னால் தான் கத்தியது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பக் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

அவள் எழுந்து வழிவிட்டாள். அவர் சாவியைப் போட்டார். வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பியது. துர்காதேவி துப்பாக்கியின் நம்பரைச் சரிபார்த்தார், போல்ட்டுகளை ஆட்டிப் பார்த்தார், பாதுகாப்பான இடம் என்று எழுதினார். கலைவாணனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இவ்வளவு நேரம் ஆனதுக்கும் காரணம் எழுதணும். பூட்டு ஏன் அடைச்சுது? சந்தனத்தைத் துவாரத்துக்குள்ளயேவா வெச்சீங்கம்மா?"

அன்பரசி கணவரின் வலது கட்டைவிரலைப் பார்த்தாள். கலைவாணனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரே இழுப்பு நினைவுக்கு வந்துவிட்டது. பழியை அவள்மேல் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், அவளும் சும்மாதான் இருந்திருப்பாள். அவர் பட்டாளத்தில் நிற்பதுபோல் குதிகாலைச் சேர்த்து நின்றார்.

"அவ பூட்டுக்கு மேலதான் வெச்சா மேடம். துடைக்கறேன்னு உள்ள தள்ளி அடைச்சது நான்."

துர்காதேவியின் பேனா காகிதத்துக்குப் போகும் முன் அன்பரசி முந்திக்கொண்டாள்.

"அத்த அப்பிடியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கங்க மேடம். ஒரு ஜெராக்ஸ் எனக்கு ஓணும். கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இந்த ஆளு தப்ப ஒத்துகினது இதான் மொத தபா."